முற்றத்துக்கு வரும் வைரி

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குப் போகும் சாலையில், படப்பையைத் தாண்டி ஒரகடத்தை எட்டுவதற்கு முன்னால் வருகிற சேரப்பணஞ்சேரி, விடியற்காலை ஷிப்டுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்களில் கண்ணயர்ந்து போகிறவர்களுக்கு ஒரு பெயர்ப்பலகைக்கு மேல் ஒன்றுமில்லை என்றாலும், பறவைகளை அவதானிக்கும் பழக்கமுள்ளவனுக்கு நின்று நிதானித்துப் பார்க்கத்தக்க ஊர். ஒரு பக்கம் ஏரிப் பாசனத்து வயல்களும் பனைகளும், இன்னொரு பக்கம் கல் நட்டு விலை பேசி முடித்தும் வீடு எழும்பாமல் முட்புதர் மண்டிக் கிடக்கும் மனைகளும், அவற்றுக்கு அப்பால் தகரக் கூரை வேய்ந்த ஆலைகளின் நீண்ட வரிசையுமாக, பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் கிராம வாழ்க்கையும் புதிய கைத்தொழில் யுகமும் ஒன்றையொன்று இன்னும் முழுவதும் விழுங்கிவிடாத இடம் அது.

இப்படிப்பட்ட ஊரில் பறவைகளுக்கு ஆகாரம் வைப்பதற்கென்று யாரும் கடையில் கூண்டோ குழாயோ வாங்கி வந்து மரத்தில் மாட்டுவதில்லை. சமைத்த சோற்றில் முதல் பிடியைக் காக்கைக்கு வைத்துவிட்டு அதன் பிறகே இலை போடுகிற வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அமாவாசையன்று அது கடமையாகவே ஆகிவிடுகிறது. அறுவடை முடிந்ததும் நெற்கதிர்களைக் கொத்தாகப் பின்னித் தாழ்வாரத்து உத்திரத்தில் சிட்டுக்குருவிக்காகத் தொங்கவிடுகிற வழக்கமும் அடியோடு மறைந்துபோகவில்லை. அண்மைக் காலத்தில், ஆலை வேலைக்காக வந்து மாடி வீடுகளில் குடியிருக்கிறவர்கள், கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு பிளாஸ்டிக் தட்டில் கம்பும் அரிசி நொய்யும், பக்கத்தில் ஒரு மண் சட்டியில் தண்ணீரும் வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். காக்கை, மைனா, புறா, தவிட்டுக்குருவி, அணில் என்று அந்தத் தட்டுக்கு ஒரு பந்தி அமைந்துவிடுகிறது. புண்ணியம் கருதியோ பொழுதுபோக்காகவோ வைக்கிற இந்த ஆகாரம், வைத்தவர் மனத்தில் நினைத்தே இராத ஒரு ஜீவனுக்கும் சுற்று வழியில் போய்ச் சேருகிறது என்பதுதான் இக்கட்டுரையின் விஷயம்.

அந்த ஜீவன், வல்லூறு என்றும் பலர் சொல்லுகிற வைரி. அதன் வருகையை முதலில் அறிவிப்பது அணில். தட்டில் நொய்யைக் கொறித்துக்கொண்டிருந்த அணில், என்ன கண்டதோ, ஒரே பாய்ச்சலில் முருங்கையின் கவட்டுக்கு ஏறித் தலைகீழாக ஒட்டிக்கொண்டு, வாலை ஒவ்வொரு கூவலுக்கும் ஒருமுறை வெட்டி வெட்டி, ஒரே சுருதியில் கத்தத் தொடங்கும். கத்தத் தொடங்கினால் அபாயம் நீங்கிய பின்னும் வெகுநேரம் நிறுத்தாது. தவிட்டுக்குருவிகள் அதுவரை போட்டுக்கொண்டிருந்த சந்தைக்கடைச் சத்தத்தை விட்டு ஒன்றன்பின் ஒன்றாகச் செடிக்குள் நுழைந்துவிடும். புறா மட்டும், என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள மற்றவற்றைவிட ஒரு கணம் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். அந்த ஒரு கணத்தை நம்பித்தான் வைரி ஜீவனம் நடத்துகிறது.

உயரத்திலிருந்து அம்பு போல் இறங்கும் என்று எதிர்பார்த்துக்கொண்டு ஆகாயத்தைப் பார்க்கிறவர்கள் அதைத் தவற விடுகிறார்கள். அது வருவது மதிற்சுவரின் மறுபுறமாக, தரைக்கு ஓர் ஆள் உயரத்தில், நாலைந்து முறை படபடவென்று சிறகடித்து ஒரு மிதப்பு, மறுபடியும் சிறகடித்து ஒரு மிதப்பு என்ற கதியில். குட்டையாக உருண்ட சிறகும் நீண்ட வாலும் அதற்கு வாய்த்திருப்பது இதற்காகவே. கொடிக்கயிற்றுக்கும் தென்னை மட்டைக்கும் இடையே புகுந்து திரும்ப நீண்ட சிறகு உதவாது. சுவரின் விளிம்பைத் தாண்டிய மாத்திரத்தில் மேலெழும்பி, கால்களை முன்னே நீட்டி, எடுத்தால் எடுத்தது. இல்லையென்றால் துரத்தாமல் பக்கத்து வேம்பில் போய் உட்கார்ந்துவிடும். பெரும்பாலும் இல்லை என்பதே முடிவு. பிடித்துவிட்டாலோ, இரையைக் கொல்வது அலகால் அன்று, நகங்களின் இறுக்கத்தால். ராஜாளி இனத்துப் பறவைகள் அலகின் பக்கத்திலுள்ள பல் போன்ற முனையால் கழுத்தைக் கவ்வி முறிப்பது போல இது செய்வதில்லை. சிறகுகளைக் கூடாரமாக விரித்து இரையை மறைத்துக்கொண்டு, காக்கைகள் வருகின்றனவா என்று இரு பக்கமும் பார்த்து, பிறகு வழக்கமான ஒரு கிளைக்குக் கொண்டுபோய் இறகுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறியும். அந்தக் கிளையின் கீழே கிடக்கும் சாம்பல் நிற இறகுகளைப் பார்த்தே அதன் சாப்பாட்டு இடத்தைக் கண்டுகொள்ளலாம்.

புறாவைவிடப் பெரிதென்று சொல்ல முடியாத, 26 முதல் 30 சென்டிமீட்டர் வரையே நீளமுள்ள பறவை இது. வளர்ந்த ஆணுக்கு முதுகு சாம்பல் கலந்த நீலம், மார்பில் செம்பழுப்பு நிறத்தில் நெருங்கிய குறுக்கு வரிகள், வெண்ணிறத் தொண்டையின் நடுவே ஒற்றைக் கோடு, குன்றிமணிச் சிவப்பில் விழி. பெண் உருவத்தில் பெரியது. அதன் விழி மஞ்சளும் ஆரஞ்சும் கலந்தது. இளம் பறவையோ முதுகு பழுப்பாகவும், மார்பில் வரிகளுக்குப் பதில் நீர்த்துளி வழிந்தாற்போன்ற நெடுங்கீற்றுகளாகவும் இருந்து, புதிதாகப் பார்ப்பவனை வேறு பறவையென்று நினைக்க வைக்கும். இன்னும் பெரிய மயக்கத்தை உண்டாக்குவது அக்காக்குயில். நிறம், வரி, வால் பட்டை, பறக்கும் தோரணை என்று யாவற்றிலும் வைரியின் வேஷத்தைப் போட்டுக்கொண்டு வருகிற அந்தக் குயில், தவிட்டுக்குருவியின் கூட்டில் முட்டையிடுவது. வேஷத்தைக் கண்டு சின்னப் பறவைகள் சிதறுவதால் அதற்கு ஆதாயம் உண்டு. அலகு வளைந்து கூராக இருந்தால் வைரி, நேராக நீண்டிருந்தால் குயில் என்று பார்த்துக்கொள்வது போதும். ஜன்னல் வழியே அரை நொடியில் இத்தனையும் பார்த்துவிட முடியுமா என்றால் முடியாது, அதற்குத்தான் போட்டோ.

வைரி ஒன்றே வருகிறது என்றும் சொல்லிவிடக் கூடாது. ரெனோ–நிஸான் கார் ஆலை 2010-இலும், டைம்லரின் லாரி ஆலை 2012-இலும், ராயல் என்ஃபீல்டின் மோட்டார் சைக்கிள் ஆலை 2013-இலும் ஒரகடத்தில் உற்பத்தியைத் தொடங்கியதற்குப் பிறகு, இவற்றையும் இவற்றைச் சார்ந்த சிறு ஆலைகளையும் நம்பி வந்த ஜனத்தொகைக்கு ஏற்ப ஓட்டல்களும் இறைச்சிக் கடைகளும் பெருகின. கழிவு பெருகிய இடத்தில் கள்ளப்பருந்து வட்டமிடுவது இயல்பே. பிளவுபட்ட வாலைச் சுக்கான் போல் திருப்பித் திருப்பி, பறந்துகொண்டே காலால் எடுத்ததைப் பறந்துகொண்டே தின்னும் அதன் சாமர்த்தியத்தைக் கோழிக் கடை வாசலில் நின்று இலவசமாகவே பார்க்கலாம். கட்டடம் எழும்பாத மனைகளில் எலி மிகுந்திருப்பதால், வெள்ளையும் சாம்பலுமான உடலும் கரிய தோளும் சிவந்த கண்ணும் கொண்ட கருந்தோள் பருந்து மின்கம்பியில் வந்து அமர்கிறது. அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, கால்களைத் தொங்கவிட்டுப் படிப்படியாக இறங்குகிற அதன் வித்தை, முற்றத்துக்கு வராவிட்டாலும் மொட்டைமாடியிலிருந்து தெரியும். குளிர் காலத்தில் ஏரிகளின் கோரைப் புல்லின் மேல் தாழப் பறக்கும் சேற்றுப் பூனைப்பருந்தும் உண்டு. கோழிக் குஞ்சு வளர்க்கிற வீடுகளுக்கு இந்தக் குலத்தோடு உள்ள உறவு வேறு வகையானது. தாய்க்கோழி கழுத்தை நீட்டிக் கொக்கரித்த மறு கணமே குஞ்சுகளைக் கூடையால் கவிழ்க்க ஓடுகிற வீட்டம்மாவின் கண், பைனாகுலர் வைத்திருக்கும் எந்த வல்லுநரின் கண்ணுக்கும் குறைந்ததன்று. குஞ்சுகளுக்கு ரோஸ் நிறச் சாயம் பூசி விடுவதும் பருந்தை ஏமாற்றுவதற்கே என்பார்கள். அது பலிக்கிறதோ இல்லையோ, தெருவுக்கு ஒரு களை வந்துவிடுகிறது.

இனி, படம் எடுப்பது. தோட்டத்தில் படமெடுப்பதற்கு மறைவிடம் கட்ட வேண்டிய பிரயாசை இல்லை, வீடே மறைவிடம். அடுப்படி ஜன்னலின் கொசுவலையை ஒரு பக்கம் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் லென்ஸ் நுழையும் அளவுக்குத் துளையிட்ட கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, உள்ளே விளக்கை அணைத்து உட்கார்ந்தால், வைரிக்குத் தெரிவது ஓர் இருண்ட சதுரம் மாத்திரமே. மனித உருவத்தைக் காட்டிலும் மனித அசைவுக்குத்தான் அது அஞ்சுகிறது. 400 மில்லிமீட்டர் லென்ஸ் சிறிய கொல்லைக்குத் தாராளம். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு நொடியில் 500-இல் ஒரு பங்கு ஷட்டர் வேகம் போதும்; பாய்கிற பறவைக்கு 2000-இல் ஒரு பங்கும் சில வேளைகளில் போதாது. வெளுத்த வானத்தின் முன் சாம்பல் நிறப் பறவை அமர்ந்தால், கேமரா வானத்தின் வெளிச்சத்தைக் கணக்கிட்டுப் பறவையைக் கரிக்கட்டையாக்கிவிடும். அப்போது ஒரு ஸ்டாப் கூட்டி வைத்தால் வானம் வெளிறிப் போனாலும் மார்பின் வரிகள் பிழைக்கும். இவையெல்லாம் எவ்விடத்துக்கும் பொருந்துகிற விதிகள். ஆனால் இந்த வட்டாரத்துக்கென்றே ஒரு தொல்லை உண்டு: காலை ஒன்பது மணிக்கு மேல் தகரக் கூரைகளும் தார்ச் சாலையும் வெப்பத்தைக் கக்கத் தொடங்கியதும், அவற்றின் மேலுள்ள காற்று நெளிகிறது. தூரத்து மின்கம்பியில் இருக்கும் பருந்தை எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸால் எடுத்தாலும், தண்ணீருக்குள் கிடக்கும் காசு போலக் கலங்கித்தான் தெரியும். லென்ஸின் மேல் பழி போட்டுச் சர்வீஸுக்கு அனுப்புகிறவர்கள் உண்டு. பொழுது புலர்ந்து இரண்டு மணி நேரமும் அஸ்தமனத்துக்கு முந்தைய ஒரு மணி நேரமும்தான் தூரத்துப் படத்துக்கு உரிய வேளை. மற்ற நேரத்தில் முற்றத்தோடு திருப்திப்படுவது புத்திசாலித்தனம்.

தமிழ்நாட்டில் இந்தக் கலைக்கு மூத்தவர் என்று சொல்லத்தக்கவர் மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் குமாரராக 1912-இல் பிறந்து, 1950 தொடங்கி 1996-இல் மறையும் வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் இயற்கையைப் பற்றி இடைவிடாமல் எழுதி, தமிழிலும் அவ்வாறே எழுதிய அவர், வெவ்வேறு கேமராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட ஒரு கருவியால், கறுப்பு வெள்ளையிலேயே பிடிவாதமாகப் படமெடுத்தார். அவர் படங்களைப் பார்க்கிறபோது மனத்தில் படுவது யாதெனில், மிருகமோ பறவையோ தன் காரியத்தைத் தான் பார்த்துக்கொண்டிருக்கிறது, படமெடுத்தவர் அதில் குறுக்கிடவில்லை என்பதே. வண்ணமும் கூர்மையும் வேகமும் அவருக்குக் கிட்டாத அளவுக்கு இன்று சாமானியர் கைக்கும் வந்துவிட்டன. அந்தக் குறுக்கிடாமை மட்டும் அருகிவருகிறது.

ஏனெனில், பாய்கிற வைரியின் படம் வேண்டுமென்று எலியைக் கயிற்றில் கட்டி வைக்கிறவர்களும், குஞ்சுக் குரலை ஒலிபெருக்கியில் போட்டு ஆந்தையை அழைக்கிறவர்களும் இப்போது இருக்கிறார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், வேட்டை என்பதற்குத் தருகிற வரையறையிலேயே பொறி வைப்பதோடும் கண்ணி வைப்பதோடும் சேர்த்து இரை வைப்பதையும் அடக்கியிருக்கிறது என்பது பலருக்கு ஞாபகமில்லை. அப்படியானால் புறாவுக்கு வைத்த தட்டும் இரைதானே என்று கெட்டிக்காரர் ஒருவர் கேட்கலாம். கேள்வி அவ்வளவு அசட்டையாகத் தள்ளத்தக்கதன்று. என் அபிப்பிராயம் இது: தட்டு எங்கே இருக்கிறது என்பதில் விடை இருக்கிறது. முள்ளுச் செடியோ அடர்ந்த செம்பருத்தியோ இரண்டு மூன்று பாகத்தூரத்தில் இருக்கும்படி வைத்த தட்டு, உண்ண வருகிறவற்றுக்கு ஓடி ஒளிய இடம் தருகிறது. அங்கே வைரி ஜெயிப்பதும் தோற்பதும் அவற்றின் பாடு. அதே தட்டை, வெளிச்சம் நன்றாக விழுகிறது, பின்னணி சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி முற்றத்தின் நட்ட நடுவுக்கு நகர்த்தியவன், வாயால் என்ன சொன்னாலும், இரை வைத்தவனே.

மாம்ச பக்ஷிக்கு மனிதன் தட்டு வைப்பதில் உலகப் பிரசித்தி பெற்ற ஸ்தலம் இதே வட்டாரத்தில் இருந்தது என்பதை எண்ணும்போது, இந்த விவகாரத்துக்கு ஒரு கனம் ஏற்படுகிறது. செங்கல்பட்டைத் தாண்டித் திருக்கழுக்குன்றத்து வேதகிரீசுவரர் மலையில், உச்சிப் பொழுதை ஒட்டி அர்ச்சகர் பாறையின் மேல் உட்கார்ந்து, அரிசியும் நெய்யும் சர்க்கரையும் சேர்த்த நைவேத்தியத்தை வைத்துக் காத்திருக்க, இரண்டு கழுகுகள் எங்கிருந்தோ வந்து இறங்கி அவர் கையெட்டும் தூரத்தில் உண்டு போயின. சிவபெருமானின் சாபத்துக்கு ஆளான எட்டு முனிவர்களில் யுகத்துக்கு இருவராகக் கழுகு உருவில் வருகிறார்கள் என்பது ஸ்தல புராணம். வராத நாளில், கூட்டத்தில் பாவி யாரோ இருக்கிறான் என்று சொல்லி ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். 17-ஆம் நூற்றாண்டில் அந்த மலையேறிய டச்சுக்காரர்கள் சிலர் அங்குள்ள ஒருகல் மண்டபத்தில் தங்கள் பெயர்களைப் பொறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சுவரில் பெயர் எழுதும் வியாதி நம்மவருக்கு மாத்திரம் உரியதன்று என்று ஆறுதல் கொள்ளலாம்.

அந்தக் கழுகுகள் உண்மையில் மஞ்சள் முகப் பாறு என்ற பிணந்தின்னிக் கழுகினம். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்து, சிந்துவெளி எழுத்தையும் நம் பெண்கள் வாசலில் போடும் கோலத்தையும் ஆராய்ந்த கிஃப்ட் சிரோமணி, பறவை ஆர்வலர்களுக்கான ஒரு பத்திரிகையில் 1977-இல் இவற்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பக்தர் முனிவரைக் கண்ட இடத்தில் விஞ்ஞானி ஒரு ஜோடிப் பறவையைக் கண்டார். இருவரும் கண்டது ஒன்றைத்தான், வியப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். 1990-களுக்குப் பிறகு அவை வருவது நின்றுபோயிற்று. அந்தக் காலத்தில்தான் இந்தியா முழுவதும் பாறு இனங்கள் சரிந்தன. மாட்டுக்கு வலி நிவாரணியாகப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற மருந்து, செத்த மாட்டின் சதை வழியே கழுகின் உடலில் சேர்ந்து அதன் சிறுநீரகத்தை அழித்தது என்பது நிரூபணமாகி, 2006-இல் அம்மருந்தைக் கால்நடைக்குத் தருவது இந்தியாவில் தடை செய்யப்பட்டது. மறு ஆண்டே மஞ்சள் முகப் பாறு உலக அளவில் அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. கோயில் தட்டு ஒருநாளும் காலியாக இருந்ததில்லை. தட்டில் வைக்கிற பொங்கல் ஒரு பறவையை ஒரு பாறைக்கு ஒரு நாழிகை வரவழைக்கும்; அது ஜில்லாவில் தங்கிக் குஞ்சு பொரித்து வாழ்வதற்கு மேய்ச்சல் நிலமும் மலை விளிம்பும் விஷமற்ற ஆகாரமும் வேண்டியிருக்கின்றன. சேரப்பணஞ்சேரியில் வைரி வருகிறதென்றால் அதற்குக் காரணம் கைப்பிடிச் சுவரின் பிளாஸ்டிக் தட்டு என்று நான் நம்பவில்லை. ஓணானுக்கு இடம் தருகிற முட்புதரும், கூடு கட்ட உயர்ந்த வேம்பும், ஏரிக்கரைப் பனையும் மிச்சம் இருப்பதே காரணம். மனைகளில் புதரை வழித்து எடுக்கிற ஜேசிபி ஒவ்வொன்றும் அந்த மிச்சத்தைக் குறைக்கிறது.

மேல்நாடுகளில் வீட்டுத் தோட்டத்துத் தட்டைச் சுற்றி ஒரு பெரிய சாஸ்திரமே வளர்ந்திருக்கிறது. வட அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் கூடம் பங்கேற்று நடத்தும் ஒரு கணக்கெடுப்பில், ஆயிரக்கணக்கான இல்லத்தார் குளிர்காலம் தோறும் தங்கள் தட்டுக்கு வந்த பறவைகளைக் குறித்து அனுப்புகிறார்கள். அந்தக் குறிப்புகளை வைத்துச் சிக்காகோ நகரத்தைப் பற்றி 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று, வைரிக்கு உறவான இரண்டு பருந்தினங்கள் இருபதாண்டுகளில் புறநகரிலிருந்து நகரத்துக்குள் படிப்படியாகக் குடியேறின என்றும், குளிர்காலத்தில் அவற்றை அங்கே தங்கவைத்தது மரங்களின் அடர்த்தியைவிடத் தட்டுகளில் கூடிய சின்னப் பறவைகளின் மிகுதியே என்றும் காட்டிற்று. இங்கிலாந்திலோ 1950-களிலும் 60-களிலும் பூச்சி மருந்துகளால் ஏறக்குறைய ஒழிந்துபோன குருவிப் பருந்து, அம்மருந்துகள் தடை செய்யப்பட்ட பின் மீண்டு வந்து தோட்டத்தில் குருவி பிடிக்கத் தொடங்கியபோது, அதைக் கண்டு மகிழ்ந்தவர்களுக்கும் மனம் புழுங்கியவர்களுக்கும் பெரும் சச்சரவு மூண்டது.

அந்தச் சச்சரவு நம் தெருவிலும் உண்டு, அடக்கமான குரலில். கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெரியம்மா, வேம்பின் கிளையிலிருந்து புறாவின் இறகு ஒவ்வொன்றாக உதிர்வதைப் பார்த்துவிட்டு, “சோறு வெச்சுச் சாவுக்குக் கூட்டியாந்த மாதிரி இருக்குதே தம்பி” என்றார். “அதுவும் பசிக்குத்தானே வருதுங்கம்மா” என்றதற்கு, “அதுக்குப் பசின்னா அது பாடு, நீ ஏன் நடுவுல நிக்கிற?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் கேள்விக்கு அனுபவஸ்தர்கள் சொல்லுகிற காரியார்த்தமான பதில் ஒன்று உண்டு. வைரி நாள் தவறாமல் ஒரே தட்டுக்கு வந்து அமரத் தொடங்கிவிட்டால், ஒன்றிரண்டு வாரத்துக்குத் தீனி வைப்பதை நிறுத்திவிட வேண்டும். பறவைகள் கலைந்து வேறு இடங்களில் மேயப் போகும், வைரியும் தன் சுற்றை மாற்றிக்கொள்ளும். தட்டைக் கழுவாமல் பழைய நொய்யின் மேல் புது நொய்யைக் கொட்டுகிறவர்களால் நோய் பரவி மாளும் பறவைகளைப் பற்றி யாரும் அழுவதில்லை என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவைக்கிறேன். தட்டைத் தவறாமல் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைப்பது, வைரியை விரட்டுவதைவிடப் புறாக்களுக்கு மேலான உபகாரம்.

பார்க்க விரும்புகிறவர்களுக்குக் காலமும் சொல்லிவிடலாம். மாசி, பங்குனியில் ஜோடியாகக் கூவிக்கொண்டு வீட்டுக் கூரைகளுக்கு மேல் சுற்றும். அந்தக் கூவலைக் கரிச்சான் அச்சுப் பிசகாமல் திருப்பிச் சொல்லும் என்பதால், குரல் கேட்டதும் கேமராவை எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம். பிறகு வேம்பிலோ மாமரத்திலோ காக்கைக் கூடு போன்ற சுள்ளிக் கூட்டில் மூன்று நான்கு முட்டையிடும். கூட்டின் கீழே போய் நிற்பதும் படமெடுப்பதும் கூடாது. மனிதனைப் பின்தொடர்ந்து வருகிற காக்கைக்குக் கூட்டைக் காட்டிக்கொடுப்பதாகவே அது முடியும். ஆனியிலும் ஆடியிலும் கூட்டை விட்டு இறங்கிய இளம் பறவைகள், தாய் தந்தையரிடம் இல்லாத துணிச்சலோடு பட்டப்பகலில் சுவர் மேல் வந்து உட்கார்ந்து, தட்டைச் சுற்றியுள்ள எதன் மேலும் பாய்ந்து பார்க்கும். படமெடுக்க அதைவிட அனுகூலமான பருவம் இல்லை. பாய்ச்சல் பெரும்பாலும் வீணாவதால் பெரியம்மாவுக்கும் ஆட்சேபம் இராது. அணில்கூட அந்த மாதங்களில் கவட்டு வரை ஓடாமல் துணி துவைக்கும் கல்லுக்கு அடியில் ஒதுங்குவதோடு நிறுத்திக்கொள்கிறது.